இருநூறு வீட்டைக் கேட்டால் ஊர்க் கணக்கு வருமா? - கேள்வி பதில்

குடியாத்தம்: சார், 10 தெருவில் தெருவுக்கு 20 வீடாக 200 வீட்டில் கேட்டேன். 46 வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஊரில் 23 சதவீதம் என்று எழுதலாமா?

23 என்று மொட்டையாக எழுதாதீங்கம்மா, வரம்பு சேர்த்து எழுதுங்கள். 0.23-ஐ மீதி வீடுகளின் பங்கான 0.77-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.03. அதை 1.96-ஆல் (95 சதவீத நம்பிக்கைக்கான எண்; இப்படி நூறு முறை கேட்டால் சுமார் 95 முறை உண்மை நிலவரம் வரம்புக்குள் இருக்கும்) பெருக்கினால் கிட்டத்தட்ட 6 புள்ளி. அதாவது 17 முதல் 29 சதவீதம் வரை.

ஊர் முழுக்கச் சீட்டுக் குலுக்கி எடுத்த 200 வீடாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் தெருத் தெருவாக எடுத்திருக்கிறீர்கள். ஒரு திண்ணையில் முறமும் பீடி இலையும் இருந்தால் அடுத்த திண்ணையிலும் இருக்கும். 20 வீடும் 20 புதுச் சேதி சொல்லாது. ஒரே தெரு வீடுகளுக்குள் ஒட்டுறவு, அதாவது ஒன்றைப் போல் மற்றதும் இருக்கும் அளவு, 0.1 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் சம்பந்தமில்லை, 1 என்றால் எல்லாம் ஒரே மாதிரி). தெருவில் ஒரு வீடு போக மீதி 19. 1 + 19 × 0.1 = 2.9. இதால் வகுத்தால் உங்கள் 200 வீட்டுக்கு 69 வீட்டு மதிப்புதான். வரம்பும் 13 முதல் 33 என்று அகன்றுவிடும். 40 தெரு, தெருவுக்கு 5 வீடு என்று போயிருந்தால் 1.4-ஆல் வகுத்தால் போதும். அலைச்சல் ஜாஸ்திதான்.

ஆம்பூர்: என் ஆய்வுக்கு ஜனத்தொகையில் 10 சதவீதம் எடுக்கச் சொல்கிறார் கைடு (ஆய்வு வழிகாட்டி).

எந்தக் கணக்கில்? 95 சதவீத நம்பிக்கையில் 5 புள்ளி முன்னே பின்னே போதும் என்றால், 1,000 பேருக்கு 278, 20,000 பேருக்கு 377, 40 லட்சம் பேருக்கு 385. 2019-இல் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 39 லட்சம் பேர். பத்து சதவீதத்துக்கு யார் அலைவது, கைடா? எத்தனை பேர் என்பதைவிட எப்படிப் பொறுக்கினீர்கள் என்பதைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை: 384-ஆ, 385-ஆ?

ஜனத்தொகை மிகப் பெரிதானால் 384.16 வரும். மேலே ஏற்றி 385.

ஆம்பூர் (மறுபடியும்): ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்களே, 385 மட்டும் எதற்கு?

பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே கொதி. பேர்ணாம்பட்டு ஊர் அப்படியா இருக்கிறது?

திருப்பத்தூர்: சார், வாட்ஸ்அப்பில் 2,000 பேர் பதில் போட்டிருக்கிறார்கள், அது போதாதா?

போதாது. 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை கேட்டதற்கு 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று போட்டார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46-ஐ அள்ளினார். மறுபடியும் அதேதான்: எப்படிப் பொறுக்கினீர்கள்?

ஆற்காடு: நான் தேடிய விஷயம் 60 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. பூஜ்யம் சதவீதமா?

இல்லை. ஒருவர்கூடக் கிடைக்காதபோது மூன்றைக் கேட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது வழக்கம்: மூன்றை 60-ஆல் வகுங்கள். 5 சதவீதம் வரை இருக்கலாம்.

காட்பாடி: 400 எடுத்தால் போதுமா சார்?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

வாணியம்பாடி: வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கப் போனேன். பூட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டேன். பரவாயில்லையா?

இன்றைக்கு வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் (தோல் பதனிடும் இடம்) போகிறவர்கள் வீடு. அவர்களை விட்டால், வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை சதவீதம் என்ற உங்கள் கேள்விக்கே குறைச்சலான பதில்தான் வரும். 385-ஐ ஆயிரமாக்கினாலும் இந்தக் குறை தீராது. கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் கம்பெனி விட்ட பிறகு போங்கள். அப்போதும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை.