ஆயுத பூஜையன்று அவசரப் பையைப் பிரியுங்கள்!

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘வெள்ளமோ தீயோ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் ஒரு அவசரப் பை இருக்கட்டும்’ என்று போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*கேள்வி: எங்கள் வீடு தென்பெண்ணைக் கரைக்குக் கூப்பிடு தூரம். 2024 டிசம்பரில் தண்ணீர் வந்தபோது கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினோம். அதனால் போன வருஷம் புரட்டாசியிலேயே ஒரு பை கட்டிப் பரணில் போட்டு வைத்தேன். இந்த மே மாதம் இறக்கிப் பார்த்தால் மெழுகுவத்தி உருகி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது, டார்ச் எரியவில்லை, சின்னவளுக்கு வைத்த பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது. வருஷம் முழுக்க ஒரே பை வைத்துக்கொள்ளவே முடியாதா?*
*– வாசகி, கடலூர்*

முடியும் அம்மா, ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை பிரித்துக் கட்ட வேண்டும். பரணில் வைத்ததுதான் முதல் தப்பு. கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே, தளத்துக்குக் கீழே இருக்கும் பரண் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். மாத்திரை கெடும், பிளாஸ்திரியின் பசை காய்ந்துபோகும், பிஸ்கட்டில் சிக்கு வாடை வரும். அந்த டார்ச்சின் பின்மூடியைத் திருகிப் பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொடி பூத்திருந்தால் பேட்டரி கசிந்துவிட்டது என்று அர்த்தம், வெறும் கையால் தொடாதீர்கள். இனிமேல் பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல் கவரோடு தனியாக, ஆனால் டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். முகாமில் ஐம்பது பேர் பாய் விரித்துப் படுத்திருக்கும் இடத்தில் அது ஆபத்து.

எப்போது பிரிப்பது? எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று சொல்வார்கள் அல்லவா, வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைத் துடைக்கிறோம், அரிவாள்மணை முதல் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம், அன்றைக்கே பையையும் இறக்கிக் கொட்டிப் பார்த்துவிட்டால் மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. கார்த்திகையோடு ஆபத்து தீர்ந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். உங்கள் ஊரைப் புரட்டிப் போட்ட தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, நல்ல மார்கழி.

பைக்குள் இரண்டு பிரிவு வையுங்கள். டார்ச், விசில், கத்தரிக்கோல், கொஞ்சம் நைலான் கயிறு, சில்லறையாகப் பணம், சான்றிதழ் கவர் இதெல்லாம் எப்போதும் பையிலேயே இருக்கும். துணி, மருந்து, தின்பண்டம் மூன்றையும் மட்டும் தனியாக ஒரு துணிப்பையில் போட்டு உள்ளே வைத்துவிட்டால் பருவம் மாறும்போது அந்தத் துணிப்பையை மட்டும் எடுத்து மாற்றினால் போதும்.

மழைக்கால மூட்டையில் துணிதான் முக்கியம். 2015 டிசம்பர் 1 ராத்திரி நாங்கள் சென்னை ஜாபர்கான்பேட்டையில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் கீழ்வீட்டிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஏறினோம். என் கையில் இருந்தது லேப்டாப்பும் சார்ஜரும். கரண்ட் இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. எங்களிடம் இல்லாதது காய்ந்த உள்ளாடை, நாப்கின், அம்மாவின் கண்ணாடி. அம்மா மூன்று நாள் யார் முகமும் தெரியாமல் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்கிறேன், ஆளுக்கு இரண்டு செட் உள்ளாடை, நாப்கின், பழைய கண்ணாடி (பவர் கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை) இவற்றை வைத்த பிறகு மற்றதை யோசியுங்கள். அடைமழையில் டர்க்கி டவல் காயவே காயாது, ஈரிழைத் துண்டு வையுங்கள், விசிறினாலே காய்ந்துவிடும். பழைய பிளக்ஸ் பேனரில் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி மடித்து வைத்தால் ஈரத் தரையில் விரிக்கலாம், தலைக்கும் பிடிக்கலாம். சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு, கொசுவுக்குக் களிம்பு. குளோரின் மாத்திரை கிடைத்தால் ஒரு அட்டை வையுங்கள், அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு சைஸ் பெரிய உடுப்பே வையுங்கள். தொளதொளவென்று இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம், சின்னதாகிப் போனதை ஒன்றும் செய்ய முடியாது.

சித்திரையில் பிளக்ஸையும் சால்வையையும் எடுத்துவிட்டு, ஓஆர்எஸ் பாக்கெட், தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று மாற்றுங்கள். வெயில் காலத்தில் எதற்கு ஓடப்போகிறோம் என்று நினைக்க வேண்டாம், கூரை வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவில் ஒரு பொறி போதும். தின்பதற்குப் பொட்டுக்கடலை, வெல்லம், அவல். அடுப்பே வேண்டாம், அவலை நனைத்தால் போதும். வெயில் காலத்தில் இவற்றை மாதம் ஒருமுறை எடுத்துத் தின்றுவிட்டுப் புதிதாக வையுங்கள், வண்டு வைக்காது.

இன்னொன்று. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததோ டிசம்பர் 2, மேலே பெய்த மழைக்குச் சாத்தனூர் அணையைத் திறந்த பிறகு. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நீங்கள் பார்த்ததுதான். புயல் போய்விட்டது, வெயில் அடிக்கிறது என்று யாராவது பையைப் பிரித்தால் தடுத்துவிடுங்கள். ஆற்றங்கரை வீட்டில் உங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, இன்சுலின் போடுகிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் பிரிட்ஜ் நின்றுபோய்த் தவித்துவிட்டோம். பையில் இன்சுலினை எப்படி வைப்பது?*
*– வாசகர், ஸ்ரீவைகுண்டம்*

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அல்லவா அது, தவிக்காமல் எப்படி இருப்பது! இன்சுலினைப் பையில் நிரந்தரமாக வைக்க முடியாது. பிரிட்ஜ் கதவில் ‘இன்சுலின், ஊசி, சுகர் பார்க்கும் மெஷின்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கிளம்பும்போது கண்ணில் பட வேண்டும். உபயோகத்தில் இருக்கும் பாட்டிலோ பேனாவோ பெரும்பாலும் நாலு வாரம் வெளியில் தாங்கும், ஆனால் 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அதனுடன் வரும் தாளிலேயே போட்டிருக்கும், உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே படித்து வையுங்கள். டிசம்பர் மழையில் காற்றே குளிர்ந்துதான் இருக்கும், நனையாமல் டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மே மாதம் கரண்ட் போனால்தான் கஷ்டம். அப்போது அகலமான மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தை டப்பாவோடு அதில் வைத்து மூடி, மணலை நனைத்துக்கொண்டே இருங்கள், பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் அதுவும். காற்றே ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில் இந்த வித்தை அவ்வளவாக வேலை செய்யாது. ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பொடி வையுங்கள். அம்மாவின் மருந்துச் சீட்டின் நகலையும் வைத்துவிட்டால் எந்த ஊர் டாக்டரும் பார்த்துக் கொடுப்பார்.

*கேள்வி: கடலோரத்துக்காரர்களுக்குத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். மலையில் இருக்கும் நாங்கள்?*
*– வாசகி, குன்னூர்*

நியாயமான கேள்வி. சமவெளியில் பலருக்கும் ஒரு மழைக்காலம்தான் பயம், நீலகிரியில் உங்களுக்கு இரண்டு. 2009 நவம்பரில் மண்சரிவு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்த்த மழை, இரண்டையும் பார்த்தவர்கள் நீங்கள். அதனால் ஆனி தொடங்குவதற்குள் பை தயாராகி மார்கழி முடியும் வரை அப்படியே இருக்கட்டும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வையுங்கள், நனைந்த துணி உடம்புச் சூட்டையே உறிஞ்சிவிடும். செருப்பு வேண்டாம், ஷூ. பையைக் கையில் தூக்குவது மாதிரி வைக்காமல் முதுகில் மாட்டுவதாக வாங்குங்கள், சரிவில் இறங்க இரண்டு கையும் வேண்டும். அப்புறம், மலையில் நேரம் கிடைக்காது. சுவரில் புது விரிசல், சாய்ந்துகொண்டே போகும் மரம், தெளிந்து ஓடும் ஓடை திடீரென்று கலங்குவது, இதில் எதைக் கண்டாலும் பை எடுக்க வீட்டுக்குள் திரும்பிப் போகாதீர்கள், அது வாசல் பக்கத்து ஆணியிலேயே தொங்கட்டும்.

*கேள்வி: பத்திரம், ஆதார், நகை எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டால் திருட்டுப் பயம். வைக்காவிட்டால் தண்ணீர்ப் பயம்!*
*– வாசகர், வேளச்சேரி*

நகையும் மூலப் பத்திரமும் பேங்க் லாக்கரில் இருக்கட்டும். பையில் நகல்களை ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு ஜிப் கவரில் போடுங்கள், ஒன்று மட்டும் போதாது. ஆதாரும் லைசென்ஸும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் ஏற்றி வைத்தால் போன் இருந்தால் போதும். போனும் நனையும் என்பதால் நாலு பேர் நம்பரைப் பேனாவில் எழுதி உள்ளே வையுங்கள், கூடவே மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

*கேள்வி: நாங்கள் ஓடிவிடுவோம், மாடு?*
*– வாசகர், வேதாரண்யம்*

2018இல் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை மாடுகள் போயின என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே முடிந்தால் மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கொட்டகைக்குள் கட்டிப்போட்டு வராதீர்கள். நனைந்த முடிச்சு இறுகிவிடும், அவசரத்தில் அவிழாது, கொட்டகைத் தூணில் ஒரு கத்தியும் சொருகி வையுங்கள்.