டோகாய் அசூ ஒயினில் சர்க்கரை சேர்க்கிறார்களா? அதன் விலை ஏன் இவ்வளவு அதிகம்?

சேர்ப்பதில்லை. ஹங்கேரியின் இனிப்பு ஒயினான டோகாய் அசூவின் இனிப்பு முழுவதும் திராட்சையினுடையதே. அதைப் பழத்துக்குள் செறிய வைப்பது போட்ரைடிஸ் என்னும் பூஞ்சை.

ஹங்கேரியின் வடகிழக்கில், எரிமலைப் பாறைகளின் மேல் உருவான மண்ணில் அமைந்த டோகாய் ஒயின் பகுதியில், டோகாய் ஊரருகே போட்ரோக் ஆறு டிசா ஆற்றுடன் கலக்கிறது. இலையுதிர் காலக் காலைகளில் ஆற்றுப் பக்கமிருந்து எழும் மூடுபனி பூஞ்சையை வளர்க்க, பிற்பகல் வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை உலர்த்திவிடுகின்றன. பூஞ்சை துளைத்த தோலின் வழியே நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் செறிந்து, பழம் உலர்திராட்சைபோல் சுருங்குகிறது. ஈரம் விடாமல் நீடித்தாலோ அதே பூஞ்சை குலை முழுவதையும் அழுக வைத்துவிடும். ஆகவே அசூ ஆண்டுதோறும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

ஒரு குலையின் பழங்கள் யாவும் ஒரே நாளில் இப்பக்குவத்தை எட்டாததால், பறிப்பவர்கள் அதே கொடிகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, சுருங்கியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறார்கள். விலைக்கு இந்த உழைப்பே முதற்காரணம் என்பேன். பறித்தவற்றைத் திராட்சைச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிந்து, குளிர்ந்த நிலவறைகளில் மரப்பீப்பாய்களில் முதிரவிடுகிறார்கள். அசூ பழங்கள் எனப்படும் இந்தச் சுருங்கிய பழங்கள் குவித்து வைக்கும்போது தம் எடையாலேயே கசியவிடும் சாறு எசென்சியா எனப்படுகிறது. அதில் லிட்டருக்கு 450 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருப்பதால் ஈஸ்ட் மிக மெதுவாகவே வேலை செய்கிறது, நொதித்தல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

இத்தனை இனிப்பும் திகட்டாதிருப்பதற்கு, ஃபுர்மிந்த் என்னும் முதன்மைத் திராட்சை வகையின் கூர்மையான புளிப்பே காரணம். அதைக் குறிப்பிடாமல் இனிப்பை மட்டும் புகழ்வது இந்த ஒயினுக்கு நியாயம் செய்வதாகாது.

இதன் திராட்சை நிலங்களின் எல்லையை 1737-இலேயே அரசாணை வரையறுத்தது. 2002-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இடையே, கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தரத்தைவிட அளவே பெரிதாகக் கருதப்பட்டது வருத்தத்துக்குரியது. 1990-களில் வந்த புதிய முதலீடுகளும் உள்ளூர்க் குடும்பங்களின் முயற்சியும் இதன் பெயரை மீட்டன.

வாங்குவோர் புட்டியிலுள்ள புட்டோன்யோஷ் எண்ணைப் பார்க்கலாம். முற்காலத்தில், சுமார் 136 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு, ஏறத்தாழ 25 கிலோ கொள்ளும் கூடையால் எத்தனை கூடை அசூ பழம் சேர்த்தார்கள் என்பதை அது காட்டியது. 2013-க்குப் பிறகு, லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை எஞ்சியிருந்தால்தான் அசூ என்று பெயரிட முடியும். எனவே அதைவிடக் குறைந்த சர்க்கரையைக் குறித்த 3, 4 என்ற எண்களைப் பழைய ஆண்டுப் புட்டிகளில் மட்டுமே காணலாம்.