அரச அலுவலகங்களில் சேரும் கழிவுப் பேப்பர் கடைசியில் எங்கே போகிறது? மறுசுழற்சி என்று ஏதும் உண்மையில் நடக்கிறதா?

கொஞ்சம் நடக்கிறது, நடக்க வேண்டிய அளவுக்கு இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் இரண்டு விதமான கழிவுப் பேப்பர் இருக்கிறது. பிழையாக வந்த பிரிண்ட், கூடுதலாக அடித்த போட்டோக் கொப்பி, கடித உறை போன்ற அன்றாடக் குப்பை ஒன்று. காலம் கடந்த கோவைகள், அதாவது பழைய ஃபைல்கள், மற்றது.

கோவைகளை நினைத்தபடி எரிக்கவோ விற்கவோ முடியாது. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதோடு 2016 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருந்த பதிவுகளைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது, புதியவை என்றால் உருவான நாளிலிருந்து 12 வருடம். சட்டம் சரிதான். ஆனால் எதைக் கழிக்கலாம் என்று பட்டியல் போட்டு, அனுமதி எடுத்து, கடைசியில் கையெழுத்து வைக்க ஒருவர் வேண்டுமே, அங்கேதான் எல்லாம் நின்றுவிடும். "நாளைக்கு யாராவது காணிப் பிரச்சினையோடு வந்து இதைக் கேட்டால் யார் பதில் சொல்வது?" என்பார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் காணி உறுதியையும் காணிப் பெமிட்டையும் தொலைத்த சனம் நிறைந்த மாவட்டம் இது, பல குடும்பங்களுக்கு அலுவலகக் கோவையில் கிடக்கும் அந்த ஒரு பிரதிதான் மிச்சம். ஆனால் அதே பயத்தில் பழைய லீவு விண்ணப்பம், வாகன ஓட்டப் பதிவு, ஒரே சுற்றறிக்கையின் பத்துப் பிரதிகள் எல்லாம் காணிக் கோவைக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்படுகின்றன. அப்புறம் மாரி மழையில் கூரை ஒழுகும், கறையான் ஏறும். கறையானுக்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை, அது காணிக் கோவையையும் சேர்த்தே தின்னும். ஊறிப் பூஞ்சணம் பிடித்த கட்டைப் பழைய பேப்பர்காரரும் தொட மாட்டார்.

அன்றாடக் குப்பைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை, இருந்தும் அதுதான் மோசமாக வீணாகிறது, ஏனென்றால் மேசைக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு கூடை. சோற்றுப் பார்சலும் மீன்குழம்பும் தேயிலைச் சக்கையும் அதற்குள்தான் விழும். எண்ணெய் பட்ட தாள் கூழாக்க உதவாது. காகிதத்துக்கு நீல நிறத் தொட்டி என்று நாடு முழுக்க ஒரு நிற ஒழுங்கு இருக்கிறது, வாசலில் வரிசையாகத் தொட்டிகள் வைத்த அலுவலகங்களும் உண்டு, ஆனால் மேசையடியிலேயே கலந்துவிட்டால் வாசலில் நீலம் இருந்து என்ன பயன்? பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் குப்பை மேட்டுக்குப் போகும், மட்டக்களப்பு நகரம் என்றால் முன்பு திருப்பெருந்துறைப் பக்கம், அம்பாறைக் கரையோரம் என்றால் பள்ளக்காடு. யானைகள் பொலித்தீனைத் தின்று சாவதாகச் செய்தியில் வந்த மேடு அதுதான்.

வெள்ளைத் தாள் பத்திரிகைத் தாளைவிடத் தரம் கூடியது, நல்ல விலையும் போகும். ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றுவதில் நேரம் போக்க வேண்டாம், கூழாக்கும் இடத்தில் அது பிரிந்துவிடும். கழற்ற வேண்டியது பிளாஸ்டிக் கோவை மட்டை, லேமினேட் செய்த தாள், கார்பன் தாள், பழைய ஃபக்ஸ் ரோல். ஒரு பக்கம் வெறுமையாக உள்ளதை முதலில் குறிப்புத் தாளாக வெட்டிப் பாவியுங்கள். 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனபோது நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம், தாள் வந்ததும் மறந்துவிட்டார்கள்.

விற்பதிலும் ஒரு சிக்கல். பழைய பேப்பர்காரர் வாங்குவதெல்லாம் ஆலைக்குப் போவதில்லை, ஒரு பகுதி கச்சான் சுருளாகவும் வடைப் பையாகவும் கடைத்தெருவுக்கு வரும். அடையாள அட்டை இலக்கம், கொடுப்பனவு விபரம், வீட்டு விலாசம் உள்ள படிவத்தில் கச்சான் வாங்கித் தின்றவர்கள் இங்கே குறைவில்லை. ஆள் விபரம் உள்ளதை வெட்டும் இயந்திரத்தில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெட்டினால் நார் குறுகி விலையும் குறையும். குறையட்டும். எப்படியும் அந்தப் பணம் அரசாங்க வருமானக் கணக்குக்குத்தான் போகும், அலுவலகத்துக்கு ஒரு சதமும் மிஞ்சாது. யாரும் அக்கறைப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வாழைச்சேனைக் காகித ஆலையை நினைத்தால்தான். 1950களில் தொடங்கி, நம் வயல் வைக்கோலையும் பழைய பேப்பரையும் கூழாக்கித் தாள் செய்த ஆலை. யுத்தத்தோடு நொடிந்து, நின்றும் ஓடியும் இழுபட்டது. அது ஒழுங்காக ஓடினால் இந்த மாவட்டத்துக் கழிவுத் தாளுக்குத் தூரத்து லொறியே தேவைப்படாது.

உங்கள் பகுதி நிலவரம் தெரிய வேண்டுமென்றால் தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்று போடுங்கள். கடந்த வருடம் எத்தனை கிலோ கழிவுத் தாள் விற்றீர்கள், என்ன தொகை வருமானத்தில் சேர்த்தீர்கள், கோவைகள் அழித்திருந்தால் அதற்கான அனுமதிக் கடிதத்தின் பிரதி. இந்த மூன்றும் போதும்.