தம்பியிடம் நேராகவே கேட்கலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 27 வயது. பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு 4 ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறான். கடுமையான மனச்சோர்வால் மருத்துவமனையில் இருந்துவிட்டு மூன்று வாரங்களுக்கு முன்புதான் வீடு திரும்பினான். நான்கு நாட்களாக முகம் தெளிந்து, அமைதியாக இருக்கிறான். ஆனால் யாரையும் தொடவிடாத தன் கேமராவை நண்பனிடம் கொடுத்துவிட்டான். "இனிமேல் யாரும் எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம் அக்கா" என்கிறான். பத்து நாட்களாக லித்தியம் மாத்திரை போடவில்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது. தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 15 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் உங்கள் தம்பியின் மனநல மருத்துவரை இப்போதே கூப்பிடுங்கள். எனக்கு எழுதியதை ஒரு வரி விடாமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தம்பியை அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம். வீட்டில் ஆபத்தாகக்கூடிய பொருட்களையும், எல்லாருடைய மாத்திரைகளையும் எடுத்துப் பூட்டிவிடுங்கள். லித்தியத்தைப் பழைய அளவில் நீங்களாகவே மறுபடி கொடுக்கத் தொடங்காதீர்கள். எப்படித் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்தது உங்கள் கேள்வி. கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவருடைய பயம் மிகப் பழைய பயம். மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்ததுதான். ஆனால் பலமுறை ஆராய்ந்து பார்த்தும், தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதாகத் தெரியவில்லை. மாறாக, பலருக்கு மனப்பாரம் சற்றுக் குறைகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் அறைக்கு ஓர் இளைஞர் வந்தார். தலைவலி, தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டே சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டேன். விரல்கள் நின்றன. "எட்டு மாதமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்" என்றார். அந்த எட்டு மாதமும் அவரைச் சுற்றி அன்பானவர்கள் இருந்தார்கள். எல்லாரும் கேட்கப் பயந்தார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக, "தப்பான முடிவு எதுவும் எடுத்துவிட மாட்டாயே?" என்று கேட்போம். அதற்கு "மாட்டேன்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லை. கேட்கிறவர் எந்தப் பதிலுக்காக ஏங்குகிறார் என்பது துன்பப்படுகிறவருக்குத் தெரியும், அதையே கொடுத்துவிடுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "கேமராவைக் கொடுத்துவிட்டாய். யாரும் கஷ்டப்பட வேண்டாம் என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளும், நீளட்டும். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். திட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ ஆபத்து அவ்வளவு அருகில் இருக்கிறது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

"எங்களை நினைத்துப் பார்த்தாயா?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். அவர் உங்களை நினைத்துத்தான் பார்த்திருக்கிறார். தான் இல்லாவிட்டால் உங்கள் சுமை குறையும் என்று மனச்சோர்வு அவரை நம்பவைத்திருக்கிறது. அந்த நோயின் பொய்களில் மிகக் கொடியது இதுதான். நீங்கள் எழுதி அனுப்பிய அவருடைய வாக்கியம் முழுக்க அதுதான் இருக்கிறது.

அந்த அமைதியைப் பற்றி. முகம் தெளிவது குணமாவதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் உள்ளே நடந்த போராட்டத்துக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டவருக்கும் அப்படி ஓர் அமைதி வருவது உண்டு. இன்னொன்றும் நடக்கும். மனச்சோர்வு விலகும்போது எல்லாம் ஒன்றாக விலகுவதில்லை. கைகால்களுக்குத் தெம்பு முதலில் வந்துவிடும், நம்பிக்கை பின்தங்கி வரும். அந்த இடைவெளி ஆபத்தானது. அமைதியை மட்டும் எழுதியிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். கேமரா என்னைச் சந்தோஷப்படவிடவில்லை.

இப்போது அந்த 15 சதவீதம். அந்தக் கணக்கு 1970-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பிலிருந்து வந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களைத்தான் பெரும்பாலும் அதில் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர்களில் எத்தனை பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்ற விகிதத்தை வைத்து வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டுவிட்டார்கள். 2000-இல் பாஸ்ட்விக், பாங்க்ராட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டார்கள். மனநிலைக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் அது சுமார் 4 சதவீதமாகவும், தற்கொலை எண்ணத்துக்காகவோ முயற்சிக்காகவோ சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 8.6 சதவீதமாகவும் இருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இதுவும் பல மடங்குதான். சிறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இந்த எண்ணை உங்கள் தம்பியின் நெற்றியில் ஒட்டிப் பார்க்காதீர்கள்.

ஏனென்றால் ஆபத்து ஏறி இறங்கும். ஒரே மனிதருக்கு இந்த வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக மோசமானவை. நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று குடும்பம் மூச்சு விடும் நேரம் அதுதான் என்பது என்னை எப்போதும் வருத்தும். மனம் பாதாளத்தில் கிடக்க, எண்ணங்கள் மட்டும் வேகமாக ஓடி, தூங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கும் கலப்பு நிலை பைபோலாரில் வரும். அது வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. முன்பு ஒருமுறை முயன்றிருந்தால் ஆபத்து கூடும். மதுவும் கூட்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்து தொடங்கும்போதும் முதல் வாரங்களில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எப்போது என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய கருவி எங்களிடம் இல்லை. 50 ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளை 2017-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்தத் தனி அறிகுறியை வைத்துக் கணித்தாலும், காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுதான் மேலாக இருந்தது. அதனால்தான் ஊகிப்பதை விட்டுவிட்டு அவரிடமே கேட்கச் சொல்கிறேன்.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1949-இல் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பயனை எழுதியதிலிருந்து எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்குள்ள அளவு சான்று மனநிலைக் கோளாறுக்கான வேறெந்த மருந்துக்கும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி, தற்கொலை ஆபத்தும் உயர்கிறது. பத்து நாள் நிறுத்தியதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லச் சொல்வது இதனால்தான். நிறுத்தியதற்காகத் தம்பியைத் திட்டாதீர்கள். கைநடுக்கம், ஓயாத தாகம், எடை கூடுவது, மனசு மரத்துப் போனதுபோன்ற உணர்வு என்று அவருக்கு நியாயமான காரணம் இருக்கும். ஏன் என்று கேளுங்கள்; அளவை மாற்றிச் சரிசெய்யக்கூடியவை அவற்றில் பல. இரத்தத்தில் லித்தியத்தின் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். அளவு மீறினால் ஆபத்தான மருந்து என்பதால், மருத்துவர் மறுபடி தொடங்கச் சொன்னபின் சில நாட்களுக்கு உரியதை மட்டும் வாங்கி நீங்களே வைத்திருந்து கொடுங்கள்.

இந்த நாட்கள் கடந்தபின் மருத்துவரோடு உட்கார்ந்து தம்பி தன் கையாலேயே ஒரு தாளில் எழுதட்டும்: எண்ணம் வரும்போது முதலில் என்ன தோன்றும், அப்போது தானாக என்ன செய்யலாம், யாரிடம் போகலாம், யாரைக் கூப்பிடலாம், எந்த உதவி எண். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இதை எழுதவைத்து, பிறகு தொலைபேசியில் விசாரித்தும் வந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி, அதற்கான ஆயத்தம் போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

விசாரிப்பதற்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் செய்ததைச் சொல்வேன். மருத்துவமனையை விட்டுப் போனபின் சிகிச்சைக்கே வர மறுத்தவர்களில் ஒரு பாதியினருக்கு ஐந்து ஆண்டுகள் சிறு கடிதங்கள் அனுப்பினார். நலமாக இருக்கிறீர்களா, விருப்பமிருந்தால் ஒரு வரி எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள். புத்திமதி கிடையாது, கட்டாயம் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. உங்கள் தம்பிக்கும் நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி அப்படி அனுப்ப யாரால் முடியும் என்று யோசித்து வையுங்கள். உறவினர் பட்டாளம் வேண்டாம், இரண்டு பேர் போதும்.

அந்த நண்பரிடமும் இன்றே பேசுங்கள். கேமராவைக் கொடுக்கும்போது தம்பி என்ன சொன்னார் என்று கேட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேமராவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அது இன்னும் உங்கள் தம்பியுடையதுதான்.