கீழ் வீட்டுக்குக் கேட்பது எந்த ஸ்வரம்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். ஹால் 14 அடிக்கு 11 அடி. தீபாவளித் தள்ளுபடியில் 10 அங்குல சப்வூஃபருடன் 5.1 ஹோம் தியேட்டர் வாங்கி, டிவிக்குப் பக்கத்து மூலையில் சப்வூஃபரை வைத்திருக்கிறேன். நேர் கீழ் வீட்டில் ஒரு பெரியவர் ஹாலில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறார். இதுவரை மூன்று முறை மாடி ஏறி வந்துவிட்டார். சுவரில் ஃபோம் ஒட்டினேன். சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் மேட் போட்டேன். மொபைல் செயலியில் பார்த்தால் 55 டெசிபலைத் தாண்டவில்லை. இதை விற்றுவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் செய்த மூன்று காரியங்களும் ஏன் பலிக்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சப்வூஃபர் எழுப்பும் தாழ்ந்த ஒலிகளில் ஒன்றான 40 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 40 அதிர்வு) ஒலியலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். உங்கள் ஹாலின் நீளமே நாலேகால் மீட்டர்தான். அந்த அலையை இரண்டு அங்குல ஃபோமால் நிறுத்தப் பார்ப்பது, கொசுவலை கட்டி மழையைத் தடுப்பது போலத்தான். வசனத்தின் கூர்மையை வேண்டுமானால் அது கொஞ்சம் குடித்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடுங்கள், சுண்ணாம்போடு வராமல் பார்த்து.

ரப்பர் மேட் கெடுதல் இல்லை, இருக்கட்டும். ஆனால் அது தடுப்பது பெட்டியின் அடிப்பாகம் தரையை நேரடியாக உதைப்பதை மட்டுமே. மரப்பலகைத் தளம் போட்ட வெளிநாட்டு வீடுகளில் அதனால் நல்ல பலன் தெரியும். நம் வீடுகளில் தளம் கான்கிரீட். அறைக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தமே தளத்தையும் சுவரையும் அசைக்கிறது. பெட்டியைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டாலும் அது நடக்கும்.

மொபைல் செயலியின் கணக்கு இன்னும் மோசம். பெரும்பாலான செயலிகள் ‘ஏ’ வகை அளவீட்டில் காட்டுகின்றன. அது மனிதக் காதை ஒட்டி அமைந்தது என்பதால் 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்லும். உண்மையில் 85 இருந்தாலும் திரையில் 50 என்றே வரும். போதாததற்கு, போன் மைக்குகளில் பல அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக வாங்குவதே இல்லை. எனவே அந்த 55-ஐப் பெரியவரிடம் காட்டி வாதாட வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு விஷயம். உங்கள் ஹாலுக்கு நேர் கீழே இருப்பது அச்சு அசலாக அதே அளவுள்ள இன்னொரு ஹால். கட்டுகிறவருக்கு அது வசதி; தாழ்ந்த ஒலிக்கும் அது வசதி. ஒவ்வொரு அறைக்கும் அதன் நீள அகலத்தைப் பொறுத்துச் சில ஒலிகள் பிடிக்கும். 14 அடி நீளத்துக்கு அது சுமார் 40 ஹெர்ட்ஸ். 11 அடி அகலத்துக்குச் சுமார் 51. மேல் அறை 40-இல் முழங்கும்போது, அதே அளவுள்ள கீழ் அறையும் சேர்ந்து முழங்கும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் இந்த ஒலிகள் எல்லாமே முழு வீச்சில் எழும்பும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. நீளவாக்கில் எழும் அந்த 40 ஹெர்ட்ஸ் முழக்கம் அறையின் இரு கோடிகளிலும் பலமாகவும் நடுவில் மிக மெலிந்தும் இருக்கும். உங்கள் சோஃபா நடு ஹாலில் இருந்தால் அது உங்களுக்குச் சரியாகவே கேட்காது. ‘பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை’ என்று நீங்கள் கூட்டுவீர்கள். கீழே சுவரோரக் கட்டிலில் படுத்திருப்பவர் அவ்வளவையும் வாங்கிக்கொள்வார்.

ஆகவே, கீழ் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். நியாயம் கேட்க அல்ல, ஒலியைக் கேட்க. ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிவாக்கில், பெரியவரிடம் சொல்லிவிட்டு, அவர் கட்டிலில் உட்காருங்கள். மேலே வீட்டில் யாரையாவது 30, 35, 40 என்று 60 ஹெர்ட்ஸ் வரை ஒற்றை ஒலிகளை ஒவ்வொன்றாகப் பத்து விநாடி ஒலிக்கச் சொல்லுங்கள். இப்படி ஒலி எழுப்பும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. முதலில் குறைந்த ஒலியளவில் தொடங்கட்டும். தொடர்ந்த ஒலி ஸ்பீக்கரைச் சூடாக்கும்.

இதே மாதிரி ஒரு வீட்டில் நான் கீழே உட்கார்ந்திருந்தேன். 30-இல் ஒன்றுமில்லை. 35-இல் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. 40 தொடங்கியதும் ஷோகேஸ் கண்ணாடி ‘ஜிர்ர்’ என்றது. உள்ளே ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் தட்டு சன்னமாக ஆட ஆரம்பித்தது. அந்த வீட்டு அம்மாள் எழுந்து நின்று, “இதுதான் சார், இதுதான்” என்றார். 45-இல் கண்ணாடி அடங்கிவிட்டது. ஆறு மாதச் சண்டைக்குக் காரணம் அந்த ஒரே ஒரு ஒலி.

குற்றவாளி தெரிந்துவிட்டால் அதை மட்டும் வெட்டலாம். ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஈக்வலைசரிலோ (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி), சப்வூஃபருக்கென்று செயலி இருந்தால் அதிலோ, அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள். அந்த வசதி இல்லாத ரிசீவர் என்றால் மினிடிஎஸ்பி போன்ற சிறு பெட்டியை இடையில் இணைக்கலாம். மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து தானே சரிசெய்யும் ஆடிஸி, ஒய்பிஏஓ போன்ற ரிசீவர் வசதிகளை இதற்கு நம்ப வேண்டாம். அவை உங்கள் இருக்கைக்காகக் கணக்குப் போடுகின்றன, அவர் கட்டிலுக்காக அல்ல.

ஆறு டெசிபல் என்ன பெரிதா என்று தோன்றும். 40 ஹெர்ட்ஸில் நம் காதுக்கு ஒலி கேட்கத் தொடங்குவதே 50 டெசிபலை ஒட்டித்தான். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் உரப்பு கிடுகிடுவென ஏறும். எல்லையை ஒட்டியிருக்கும் ஒலியைக் கொஞ்சம் இறக்கினால் அவருக்கு அது அடியோடு மறைந்தே போகலாம்.

அடுத்து, பெட்டியை மூலையிலிருந்து எடுத்துச் சோஃபாவுக்குப் பின்னால், காதுக்கு ஓரிரு அடி தூரத்தில் வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி இருந்தபோது வைத்த அளவில் பாதிகூட இப்போது தேவைப்படாது. அருகில் இருப்பவருக்கு நேரடி ஒலி கூடும்; அறைக்கும் கீழ் வீட்டுக்கும் போவது குறையும். என்னைக் கேட்டால், செலவே இல்லாத வழிகளில் இதற்கு இணை கிடையாது. நீள ஒயர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ரிசீவரில் ‘நைட் மோட்’ அல்லது டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும். வெடிச்சத்தத்தை அடக்கி வசனத்தை ஏற்றும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள் சிலவற்றில் ஆடிஸி எல்எஃப்சி என்றும் ஒன்று உண்டு. சுவர் தாண்டும் தாழ்ந்த ஒலியைக் குறைப்பதற்கென்றே செய்தது. உடம்பில் அதிர்வு வேண்டும் என்பவர்களுக்கு சோஃபாவின் அடிச்சட்டத்தில் திருகும் பேஸ் ஷேக்கர் கிடைக்கிறது. அது காற்றை விட்டுவிட்டு இருக்கையை மட்டும் அதிர வைக்கும். சோஃபாக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் போட மறக்காதீர்கள். இங்கே ரப்பர் உண்மையிலேயே வேலை செய்யும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். அதுவும் ‘ஏ’ அளவீடுதான். அதனால் எண்ணில் நீங்கள் தப்பிவிடலாம்; பெரியவர் தூங்க மாட்டார்.

இடம் மாற்றிய பிறகு சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (அதன் அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைப்பது) 0, 180 இரண்டிலும் வைத்துப் பார்த்து, பாட்டில் பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விட்டுவிடுங்கள். பிறகு பெரியவர் கட்டிலில் இருந்தபடி “கேட்கவில்லை” என்று சொல்லும் இடத்தில் சப்வூஃபரின் ஒலிக் குமிழை நிறுத்தி, நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். பிள்ளைகள் திருப்பினாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.