தோழியின் கையில் ஊசி குத்திப் பழகலாமா?

கேள்வி: நான் டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) இரண்டாம் ஆண்டு மாணவி. இன்னும் 3 வாரத்தில் செய்முறைத் தேர்வு. மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் போஸ்டிங்கில் 4 பேருக்கு ரத்தம் எடுக்க முயன்றேன். 3 பேருக்கு நரம்பு கிடைக்கவில்லை. விடுதியில் என் அறைத் தோழிகள் இருவர் கை தருவதாகச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் 10 சிரிஞ்ச் வாங்கி வைத்திருக்கிறேன். 8,000 ரூபாய் கொடுத்தால் தனியார் லேபில் பழக ஏற்பாடு செய்வதாக வெளியே ஒருவர் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. தோழிகளின் கையை வாங்கிக்கொள்ளுங்கள், சிரிஞ்சைப் பெட்டியிலேயே வையுங்கள். தேர்வாளராகப் பல வருடம் உட்கார்ந்தவள் நான். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஊசி உள்ளே போவதற்கு முன்னால்தான். அந்தப் பகுதியை ஊசியே இல்லாமல் பழகலாம்.

‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் நீங்கள் தேடுவது சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான வெயின். உண்மையான நரம்பும் அதே முழங்கை மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாகச் சற்று ஆழத்தில் ஓடுகிறது. கூடவே இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியும் இருக்கிறது. வெயின் தெரியவில்லை என்று அந்தப் பக்கம் ஊசியைத் திருப்பித் திருப்பித் துழாவினால், விரல் நுனி வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். இதனால் மாதக்கணக்கில் கை மரத்துப்போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அறைத் தோழிக்கு இது நடந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

சரி, எப்படிப் பழகுவது? தோழியைக் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, மடிப்புக்கு நான்கு விரற்கடை மேலே டூர்னிகெட்டை, அதாவது வெயின் புடைக்கக் கட்டும் பட்டையை, கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மடிப்பின் நடுவில் அழுத்தி விடுங்கள். காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி விரலைத் தள்ளிக்கொண்டு எழுந்தால் அது வெயின். துடித்தால் தமனி. கயிறு மாதிரி விறைப்பாக இருந்தால் தசைநார். ஒரு நிமிடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிட வேண்டும், கடிகாரத்தைப் பாருங்கள். நாளுக்கு ஐந்தாறு கை போதும். ஒல்லியான கை, பருமனான கை, வளையல் போட்ட கை என்று மாற்றி மாற்றித் தடவினால் பத்து நாளில் விரலுக்கே தெரிந்துவிடும்.

மற்ற படிகளையும் அதே நாற்காலியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெயரை நோயாளியே சொல்ல வேண்டும்; ‘நீங்கள்தானே லட்சுமி?’ என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஸ்பிரிட் தடவி அரை நிமிடம் காயவிட்ட பிறகு அந்த இடத்தை மறுபடி தொடக் கூடாது. கட்டை அவிழ்த்துவிட்டு ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, கையை நீட்டியபடியே அழுத்தச் சொல்லுங்கள். நம் ஆட்கள் உடனே கையை மடக்குவார்கள், அப்புறம் நீலமாக வீங்கும். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். டியூபில் லேபிளை நோயாளி எதிரிலேயே ஒட்டுங்கள்.

‘தோழிக்குத்தானே குத்துகிறோம், அவளுக்கு என்ன நோய்’ என்று நினைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். தடுப்பூசி போடாதவருக்கு, அந்தக் கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், 100-க்கு 30 பேர் வரை தொற்ற வாய்ப்புண்டு. ஹெச்ஐவியில் அது 1,000-க்கு 3 அளவுதான். ஆனாலும் உங்கள் விரலில் ஊசி பட்டுவிட்டால் அவளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டிவரும். அந்த முடிவு விடுதியில் எத்தனை வாய்க்குப் போகும் என்று யோசியுங்கள். அப்படிப் பட்டுவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டாகிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தோழிக்கு ஊசி குத்துவதற்கு ஒரே ஓர் இடம் உண்டு: கல்லூரி லேபில், டியூட்டர் பக்கத்தில் நிற்கும்போது. பக்கத்தில் என்றால் கை எட்டும் தூரத்தில். அடுத்த மேசையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டு இருப்பது கணக்கில்லை. தோழி உங்கள் வகுப்புக்காரியாக இருக்கட்டும். ஜூனியர் வேண்டாம், சீனியரிடம் முடியாது என்று அவளால் சொல்ல முடியாது. சாப்பிட்டிருக்க வேண்டும். முன்பு ஊசியைப் பார்த்து மயங்கியவளா என்று கேளுங்கள். ஆம் என்றால் விட்டுவிடுங்கள். கட்டுப் போட்ட பிறகும் ‘வேண்டாம்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு முயற்சிதான், மூன்றாவதை டியூட்டர் எடுக்கட்டும்.

இதையெல்லாம் நான் எழுதவே தேவையில்லாமல் இருக்க வேண்டும். நான் ஆய்வுக்குப் போன ஒரு கல்லூரியில், ஊசி குத்திப் பழகுவதற்கென்றே இருக்கும் செயற்கைக் கை கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. மூன்றாம் வருடமாக அந்த ரப்பர் தோலில் ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. போஸ்டிங் என்று அனுப்புகிறார்கள். ஓபி கூட்டத்தில் பார்கோடு ஒட்டவும் டியூப் தூக்கவும்தான் பிள்ளைகளுக்கு நேரம். கற்றுத்தர ஆள் போடாமல் தேர்வு மட்டும் வைப்பது அநியாயம். நாலு பேராகச் சேர்ந்து முதல்வருக்கு எழுதிக்கொடுத்து அந்தக் கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

8,000 ரூபாய்க்காரரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். இவர்கள் கூட்டிப்போகும் இடம் பல நேரம் ஏதாவது ‘இலவச சர்க்கரை முகாம்’. கல்யாண மண்டபத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் கையில்தான் உங்களைப் பழகவிடுவார்கள். அப்படி ஒரு முகாமிலிருந்து நான்கு இடத்தில் குத்து வாங்கி, முழங்கை கருத்துப்போய் என்னிடம் வந்த பாட்டிக்கு, தன் கையில் பழகினார்கள் என்பதே தெரியாது. ரத்தம் கட்டிப்போனது தன் வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அனுபவச் சான்றிதழ் ஒன்றையும் விலைக்குக் கொடுப்பார்கள். அது பொய்ச் சான்றிதழ், பின்னால் வேலைக்குப் போகும் இடத்தில் மாட்டிவிடும்.

வாங்கிவைத்த 10 சிரிஞ்சையும் உறை பிரிக்காமல் லேப் டியூட்டரிடம் கொடுத்து, செயற்கைக் கையில் பழகக் கேளுங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டைப் பிரித்துப் பயன்படுத்தியிருந்தால் விடுதிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனை லேபில் ஊசிக்கென்று வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். காலையில் அந்தக் கூடையில் கைவிட்டு அள்ளும் அக்காவுக்கு யாரும் கையுறை வாங்கிக் கொடுப்பதில்லை.