நாமாகவே நினைத்துக்கொள்வது உறவுகளை எப்படிக் கெடுக்கிறது?

"ஊகம் செய்யாமல் யாராலும் வாழ முடியாதே, அதில் அப்படி என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். எதிரே வரும் வண்டி சிவப்பு விளக்குக்கு நிற்கும் என்று நம்பித்தான் சாலையைக் கடக்கிறோம். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் ஊகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த இரண்டு தோழிகள். ஒருத்தி அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. 'போன வாரம் நான் சொன்னது பிடிக்கவில்லை போல' என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள். மறுநாள் நேரில் பார்த்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இரவெல்லாம் கண் விழித்துவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். 'பார், பேசவே மாட்டேன் என்கிறாள்' என்று இவளுக்கு உறுதியாகிவிட்டது. 'கஷ்டத்தில் இருக்கும்போது என்ன ஏது என்று கேட்கவில்லையே' என்று அவளுக்கு மனத்தாங்கல். யாரும் பொய் சொல்லவில்லை, யார் மனதிலும் வஞ்சகம் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நெருங்கியவர்களிடம் இன்னொரு வகையும் உண்டு. 'இதைக்கூடவா வாய்விட்டுச் சொல்லணும், அவருக்கே தெரியாதா?' கணவன் மனைவிக்குள் வரும் பாதிச் சண்டைக்கு இதுதான் வேர் என்பேன். நம் மனதில் இருப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நம்புகிறோம். எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வு மாணவி 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேஜையில் விரலால் தட்ட வேண்டும், மற்றவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டும். தட்டுபவர் காதில் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக். 'ம்' என்று பதில் சொல்லிவிட்டு, நம் வருத்தம் எதிராளிக்குப் புரிந்திருக்கும் என்று காத்திருப்பதும் இதேதான்.

'கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடாதா?' என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. விமானி, கட்டுப்பாட்டு அறை சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஒரு விமானம் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் இன்னொரு விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "ஏன் என்மேல கோபமா இருக்கே?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் தீர்ப்பு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எதிராளி "கோபமெல்லாம் இல்லை" என்று தற்காப்பில் இறங்கிவிடுவார். அதற்குப் பதில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து மெசேஜ் பார்த்தே, பதில் வரலையே, எல்லாம் நல்லாதானே இருக்கு?" பெரும்பாலும் நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு காரணம் வரும். எழுத்தில் தொனி தெரியாது என்பதால், முடிந்தால் போனிலோ நேரிலோ கேளுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, கேட்டபோதெல்லாம் மழுப்பினார் என்றால், அதற்குப் பிறகு அவரை நம்பத் தயங்குவது ஊகத்தில் சேராது. அது நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கேயும் 'இந்த ஆள் இப்படித்தான்' என்று மனதுக்குள் பூட்டிவைக்காமல், "இது மூணாவது தடவை, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.